இருபது நிமிடம் கூடுதல்

“அன்று நீங்கள் கண்டது பாதி! இன்று காணப்போவது மீதி! ஏழுகடல் வேந்தன்! அன்று வெட்டப்பட்ட இருபது நிமிடக் காட்சிகள் சேர்க்கப்பட்ட புத்தம் புதிய காப்பி! வெள்ளிக்கிழமை முதல் ஓடிக்கொண்டிருக்கிறது, காணத் தவறாதீர்கள்!”

ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருமுனை திரும்பும்வரை, சூசைமுத்து வாயில் போட்ட இட்லி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

“கேட்டீங்களா மாப்ள?” என்றார் எதிர் இலையில் உட்கார்ந்திருந்த அடைக்கலராஜ். “ஒரு நாள் எல்லாருமாப் போயிட்டு வந்துருவோம்.”

அடைக்கலராஜ், சூசைமுத்துவின் மனைவி ஜெயமேரிக்கு அண்ணன். பிரான்சில் தபால் இலாகா உத்தியோகம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ‘வக்கான்ஸ்’ கிடைத்தது என்று லீவில் காரைக்காலுக்கு வருவார். இந்தத் தடவை அப்பாவின் பதினோராம் ஆண்டு நினைவுப் பூசைக்காக, அன்று ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வந்து இறங்கியிருந்தார். நல்ல மனிதர். கோபம் வந்தால் மட்டும் வாய்க்கு முன்னால் கை பேசிவிடும்.

“அந்தப் படமா? அதைப் போய் எதுக்கு மச்சான் ரெண்டாம் தடவை?” என்றார் சூசைமுத்து. “வேணாம்னுதானே அன்னிக்கு வெட்டுனான்? சாம்பார்லேருந்து எடுத்துப் போட்ட கறிவேப்பிலைய மறுபடி இலையில வச்சா நீங்க சாப்புடுவீங்களா?”

“பாரிஸ்ல பழைய படத்துக்குத்தான் மாப்ள வரிசையில நிக்கிறான். ரெண்டாம் தடவை பாக்கும்போதுதானே மொதத் தடவை எதைக் கோட்டை விட்டோம்னு தெரியும்?”

சூசைமுத்து பயந்ததே அதற்குத்தான்.

விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் போலகத்தில் மாமனார் சாகக் கிடந்தார். மந்திரித்த எண்ணெயால் அவஸ்தை பூசுவதற்குச் சாமியாரை அழைத்துவரச் சொல்லி, மாப்பிள்ளையைச் சைக்கிளில் காரைக்காலுக்கு அனுப்பினார்கள். அந்த எண்ணெய் நெற்றியில் படாமல் சாகக் கூடாது என்பதுதான் கிழவரின் கடைசி ஆசை. அரசலாற்றுப் பாலம் தாண்டியதும் ஒரே ஜனம். கடற்கரையில் ஷூட்டிங். ஐந்தே நிமிடம், எட்டிப் பார்த்துவிட்டுப் போவோம் என்றுதான் சூசைமுத்து சைக்கிளைத் திருப்பினார். சத்தியமாக ஐந்து நிமிடம்தான் நினைத்தார். “ஆள் நல்ல உசரம், புடிங்கய்யா அவரை!” என்று எவனோ ஒருவன் இழுத்து, முகத்தில் எதையோ பூசி, அட்டைக் கவசத்தை முதுகில் கயிறு போட்டுக் கட்டி, கையில் ஈட்டியையும் கொடுத்துவிட்டான். முன்வரிசையில் மூன்று மணி நேரம் நின்றார். பிடித்துத்தான் நின்றார், அதையும் சொல்லிவிட வேண்டும். சாமியாரோடு போலகம் போய்ச் சேர்ந்தபோது மாமனாரின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

“வழியில சைக்கிள் பஞ்சர். ஒட்ட ஆளே கெடைக்கல,” என்று அழுதார். அழுகை மட்டும் நிஜம்.

ஜெயமேரிதான் அவ்வளவு துக்கத்திலும் முந்தானையால் அவர் காதோரத்தைத் துடைத்துவிட்டு, “ரோஸா என்னமோ ஒட்டிருக்கே, என்னங்க இது?” என்று கேட்டாள்.

“புழுதி,” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

படம் வெளிவந்தபோது அந்தக் காட்சியைக் காணோம். சேரநாட்டு வீரன் ஒருத்தன் கையில் வாட்ச் கட்டிக்கொண்டு நின்றதால் வெட்டிவிட்டார்களாம். ஊரே சொல்லிச் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் சூசைமுத்து. கல்யாணத்தில் மாமனார் போட்ட சைகோன் வாட்ச் அது. இப்போதும் அவர் மணிக்கட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்பா வாட்ச் இன்னும் நல்லா ஓடுதா மாப்ள?” என்றார் அடைக்கலராஜ், கண் கலங்க.

“ஓடுது மச்சான்.” கையை இலைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

படத்தை எப்படியாவது தடுத்தாக வேண்டும். அந்தப் பதற்றத்தில் ஒரு பொய் தானாக வந்து விழுந்தது. “நான் பாத்துட்டேன் மச்சான். ஒண்ணுக்கும் லாயக்கில்ல. கைக்காசு தண்டம்.”

அடுப்படி வாசலில் உட்கார்ந்து ஒரு சிவப்புத் துணியைத் தைத்துக்கொண்டிருந்த ஜெயமேரி தலை நிமிர்ந்தாள். “எப்பங்க பாத்தீங்க?”

“நேத்து. சனிக்கிழமை மேட்னி. நீ மாதா சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தேல்ல, அப்ப.”

“கூட்டம் எப்படி?”

“தியேட்டர்லயா? ஈ காக்கா இல்ல.”

“அப்படியா?” என்றாள் ஜெயமேரி. ஊசியில் நூல் கோத்தாள். “வேற எதாவது சொல்லணுமாங்க?”

“வேற என்ன இருக்கு?”

அடைக்கலராஜ் விடவில்லை. “புதுசா என்னதான் சேத்துருக்கான்?”

“என்னத்தச் சேத்தான்! கடற்கரையில கொஞ்சம் பேரு ஈட்டியை வச்சுக்கிட்டுச் சும்மா நிக்கிறான்.”

“அட, நம்ம ஊரு கடற்கரைல எடுத்தானே, அதா? வாட்ச் கட்டுன பயலும் வர்றானா? அவனுக்காகவே பாக்கணும் மாப்ள!”

சூசைமுத்துவுக்குத் தன் வாயைத் தானே தைத்துக்கொள்ளலாம்போல இருந்தது. ஜெயமேரி தைத்துக்கொண்டிருந்தது வேறு. தவக்காலத்தில் கோயிலில் போடும் சிலுவைப் பாடுகளின் நாடகத்தில் ஈட்டி பிடிக்கும் ரோமப் போர்வீரனின் மேலங்கி அது. பத்து வருஷமாகச் சூசைமுத்துவுக்கு அந்த வேஷம்தான். முதல் வருஷம் அவர் பெயரைக் கொடுத்ததே ஜெயமேரி. ஒவ்வொரு தடவையும் மேடைக்கு அனுப்பும்போது, “வாட்சைக் கழட்டிட்டுப் போங்க,” என்பாள்.

“போன வருஷம் யூதாஸ் வேஷத்துக்கும் இவரைத்தாண்ணே கேட்டாங்க. நான்தான் ஈட்டியே போதும்னுட்டேன்,” என்றாள் அண்ணனிடம்.

மேலங்கியைப் பார்த்ததும் சூசைமுத்துவுக்குத் தவக்காலம் ஞாபகம் வந்தது. வருகிற புதன்கிழமை விபூதித் திருநாள். அதற்கப்புறம் நாற்பது நாள் கறி இல்லை, கல்யாணம் இல்லை, சினிமாவும் கூடாது. அதுவரை மச்சானை இழுத்துப் பிடித்தால் போதும். அடுத்த மாதம் அவர் பிளேன் ஏறிவிடுவார். சாயங்காலமே பங்குச் சாமியாரிடம் ஓடினார்.

“சாமி, தவக்காலம் வருது. ஊருல எல்லாரும் சினிமா சினிமான்னு அலையுதுங்க. நீங்க ஒரு வார்த்தை கண்டிச்சுச் சொல்லணும்.”

சாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “உன்னை மாதிரி நாலு பேரு இருந்தாப் போதும்ப்பா சூசை. வந்ததுதான் வந்தே, பாவசங்கீர்த்தனமும் பண்ணிட்டுப் போயேன்.”

மண்டியிட்டார். ஆபீசில் பேனா எடுத்தது, கறி கூடாத வெள்ளிக்கிழமையில் மீன் என்று நினைத்துக் கருவாட்டுக் குழம்பில் கிடந்த கறித்துண்டைத் தின்றது, எல்லாவற்றையும் சொன்னார்.

“வேற எதாவது உண்டா?”

“இல்ல சாமி.”

பதினோரு வருஷமாக இதே பதில்தான்.

திங்கட்கிழமை நினைவுப் பூசை முடிந்ததும் சாமியார் பிரசங்க மேடையில் ஏறினார். “நம்ம சூசைமுத்து நல்லதொரு காரியத்தை ஞாபகப்படுத்தினாரு. புதன்கிழமையிலேருந்து நாப்பது நாளைக்கு யாரும் சினிமா தியேட்டர் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது. பாக்கணும்னு ஆசை இருக்கறவங்க செவ்வாய்க்கிழமைக்குள்ள பாத்து முடிச்சுருங்க.”

அவ்வளவுதான். கோயில் பங்கு ஜனமே செவ்வாய்க்கிழமை மேட்னிக்குக் கிளம்பிவிட்டது. என்றைக்கோ ஒரு நாள் என்றிருந்த அடைக்கலராஜ், கோயில் வாசலிலேயே போலகத்துச் சித்தப்பா குடும்பத்தையும் சேர்த்துப் பத்தொன்பது தலை எண்ணினார்.

“நல்லவேளை சாமியார்கிட்டச் சொன்னீங்க மாப்ள! இல்லாட்டி இந்தப் படத்தை விட்டுருப்போம்.”

வேறு வழி தெரியாமல், திங்கட்கிழமை மத்தியானம் ஆபீசில் வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பிராந்தி பாட்டிலை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனார். புரொஜெக்டர் ஓட்டும் ஆபரேட்டர் குஞ்சிதபாதம் நாகப்பட்டினத்திலிருந்து புதிதாக வந்தவர், சாப்பிடப் போயிருந்தார். கேட்டில் டிக்கெட் கிழிக்கும் முத்தையன்தான் இருந்தான்.

“அந்தக் கடற்கரை சீனு ஓட்டக் கூடாது. செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு மட்டும். இதைக் கொடுத்து ஆபரேட்டர்கிட்டச் சொல்லணும்.”

முத்தையன் பையைத் தூக்கிப் பார்த்தான். கனம் திருப்தியாக இருந்தது. “இதுக்கா சார் கவலைப்படுறீங்க? படம் நீளமா இருந்தா, வீட்டுக்குப் போவணும்னு அவரே ரெண்டு துண்டு வெட்டிப்புடுவாரு. சொல்லிடுறேன், போங்க.”

செவ்வாய்க்கிழமை தியேட்டரில் பங்கு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. சூசைமுத்துவுக்கு ஒரு பக்கம் மச்சான், ஒரு பக்கம் மனைவி. முழுக்கைச் சட்டை போட்டு, வாட்சை உள்ளே மறைத்திருந்தார். மாசி வெயிலில் வேர்த்துக் கொட்டியது.

“படத்துல இனிமே என்ன வரும் மாப்ள? நீங்கதான் பாத்தவராச்சே,” என்றார் அடைக்கலராஜ் முறுக்கை நொறுக்கிக்கொண்டே.

“சொல்லிட்டாச் சுவாரசியம் போயிடும் மச்சான்.”

இடைவேளைக்கு அப்புறம் அது வந்தது. கடலில் கப்பல்கள். சங்கு ஊதினார்கள். தளபதி குதிரையில் ஏறி, “வீரர்களே!” என்று கையை உயர்த்தினார். “நம்ம கடற்கரைடா!” என்று பின்னால் யாரோ கத்தினார்கள். சூசைமுத்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, செத்துப்போன மாமனாரையே துணைக்குக் கூப்பிட்டார். வேறு யாரைக் கூப்பிடுவது என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

படக்கென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், அரண்மனைத் தோட்டத்தில் இளவரசி ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள்.

“டேய் ஆபரேட்டரு! எங்கடா சீனு?” தியேட்டர் அலறியது. விசில், காலால் தட்டல். அடைக்கலராஜ் எழுந்தே நின்றுவிட்டார்.

சூசைமுத்துவுக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. முத்தையன் வாழ்க! மெல்லப் பக்கவாட்டில் திரும்பினார். ஜெயமேரி திரையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ!

“என்னங்க, எதாவது சொல்லணுமா?” என்றாள் மெதுவாக.

“இல்லியே. படம் நல்லாத்தான் போவுது.”

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அடைக்கலராஜ் சட்டைக் கையை மடித்தார். “இருபது நிமிஷம்னு சொல்லிக் கூட்டியாந்து ஏமாத்துறானா? அந்த ஆபரேட்டரை நாலு கேள்வி கேக்காம வரமாட்டேன்.”

“நீங்க இருங்க மச்சான்! நான் போயி நறுக்குன்னு கேட்டுட்டு வர்றேன்,” என்று அவரைத் தடுத்துவிட்டு, சூசைமுத்து இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். பதினோரு வருஷத்தில் அவ்வளவு லேசாக அவர் நடந்ததில்லை. இனிமேல் பயமில்லை. மச்சான் ஊருக்குப் போய்விடுவார், படமும் பெட்டிக்குள் போய்விடும். தெரியாமல் போனது தெரியாமலே போகட்டும், இனி யாருக்கு என்ன நஷ்டம்?

மேலே குஞ்சிதபாதம் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ரொம்ப நன்றிங்க. முத்தையன் சொன்னபடியே செஞ்சுட்டீங்க.”

“முத்தையனா? அவன் நேத்து மத்தியானம் எவன் கொடுத்த பாட்டிலையோ குடிச்சுட்டு சைக்கிள் ஸ்டாண்டுல குப்புற விழுந்தவன், இன்னும் எந்திரிக்கல. அவன் எங்க சொல்றது?”

“அப்ப… அந்தக் கடற்கரை சீனு?”

“ஓ, அதைக் கேக்குறீங்களா? அது சனிக்கிழமையே போச்சுங்க. மேட்னி முடிஞ்சதும் ஒரு அம்மா அழுதுக்கிட்டே மேல வந்தாங்க. ‘அண்ணன் ஊருலேருந்து வருது, அது பாத்தா எங்க வீட்டுக்காரரை உசிரோட விடாது’ன்னு சொல்லி, அந்தத் துண்டை வெட்டி வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

முழுக்கைச் சட்டையை மீறி வெளியே நழுவியிருந்த வாட்சைக் குஞ்சிதபாதம் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் ரீலைச் சுற்றியபடியே சொன்னார்:

“‘இப்பதான் இது தெரிஞ்சுதாம்மா’ன்னு கேட்டேன். ‘பதினோரு வருஷமாத் தெரியுங்க, அவரு வாயால ஒரு தடவை சொல்லுறாரான்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன்’னாங்க.”