மச்சானுக்கு நான் பழக்கிய இடது கை

பெண் எடுத்த வீட்டில் வாயைத் திறக்காத மாப்பிள்ளைக்கு மரியாதை குறைவதே இல்லை. கல்யாணமான புதிதில் நான் திறந்தேன். அதுவும் கூடைப்பந்தைப் பற்றி.

என் மனைவியின் அண்ணன் கணேசன் சுரண்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். ஆறடி ஐந்து அங்குலம். தென்காசி மைதானத்தில் அவர் கையை உயர்த்தினால் மற்றவர்கள் பந்தை மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் கிடைத்த பந்தை இடுப்புவரை இறக்குவார். குட்டையான ஆட்கள் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களிடம் தப்பிய பந்தைக் கூடைக்குப் பின்னாலுள்ள பலகையில் ஓங்கி அறைவார். அது போன வேகத்தில் திரும்பி வரும்.

நான் ஐந்தடி மூன்று அங்குலம். கல்லூரி அணியில் கடைசிவரை பெஞ்சில் உட்கார்ந்தவன். (உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத்தானே ஆட்டம் முழுசாகத் தெரியும்?) பந்தைத் தாடைக்குக் கீழே இறக்காதீங்க, பலகையில் இருக்கிற கட்டத்தில் பூப்போல வையுங்க, எறியப்போகிற மாதிரி தலையைத் தூக்கி ஏமாத்துங்க, இடது கையையும் பழக்குங்க என்று அடுக்கினேன்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். மச்சான், "சரி மாப்ள, நாளைக்கே பாத்துருவோம்" என்றார். கடை திறக்குமுன் தினமும் மைதானத்துக்கு வந்தார். வீட்டிலும் எல்லாவற்றுக்கும் இடது கைதான். ஒருநாள் என் மாமியாருக்குத் திருநீற்றையே இடது கையால் நீட்டிவிட்டார். பழி என் தலையில் விழுந்தது.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு போட்டி. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர் வந்திருந்தார். வயது ஏறிக்கொண்டிருந்த மச்சானுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. மாமனார் வீடு மொத்தமும் கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. எதிரணி பாவூர்சத்திரம். அவர்களில் ஒருவருக்குக் கால் பிசகி, ஆள் குறைந்துவிட்டது. யாராவது வரமுடியுமா என்று கேட்டார்கள். நான் எழுந்தேன்.

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அங்கன ஆடுதது எங்க அண்ணன். நீங்க யாரு பக்கம் போறிய?"

மச்சானின் வித்தையெல்லாம் எனக்கு அத்துப்படி என்று சொல்லிவிட்டு இறங்கினேன். (அவர் வாய்ப்பைக் கெடுக்கப்போகிறோமே என்ற நினைப்பு இறங்கிய பிறகுதான் வந்தது. அந்தக் கவலைக்கு அவசியமே இருக்கவில்லை.)

முதல் பந்து அவரிடம் வந்தது. தாடைக்கு மேலேயே பிடித்திருந்தார்; என் தலை அவர் தோள்வரைதான் எட்டியது. தலையைத் தூக்கினார். இது ஏமாற்று, நான் சொல்லிக்கொடுத்ததுதான் என்று நின்றேன். அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியுமே, அப்படியென்றால் நிஜமாகவே எறியப்போகிறார் என்று குதித்தேன். நான் மேலே போய் இறங்குகிறவரை மச்சான் பொறுமையாக நின்றார்.

ஈரத் தரையில் கால் வழுக்கியது. குப்புற விழுந்து சறுக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். மச்சான் ஓரடி வைத்து இடது பக்கம் திரும்பினார். அவ்வளவு பெரிய உடம்பு சத்தமில்லாமல் எழும்பியது. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல், இடது கை பந்தைக் கட்டத்தில் வைத்தது. வலை லேசாக அசைந்தது. நான் சொன்னது நாலு வார்த்தை. அதை இந்த மனிதர் என்னவாக ஆக்கியிருக்கிறார் என்ற பிரமிப்பில் எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை.

அப்போது என் தலைமேல் ஒரு கை பட்டது. நான் கிடந்தது மாமனார் காலடியில். என் இரண்டு கையும் அவர் பாதத்தில். மனிதர் பழக்க தோஷத்தில், "நல்லா இருங்க மாப்ள" என்று ஆசீர்வதித்துவிட்டார்.

மச்சானை அன்றைக்கே மாவட்ட அணிக்கு எடுத்துக்கொண்டார்கள். அதைப் பற்றி வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் காலில் விழ வரும்போது மாமனார் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டு, கூடியிருப்பவர்களிடம் சொல்வார்:

"கொஞ்சம் ஒதுங்குங்க. மாப்ள தூரத்துல இருந்து வருவாக."