மாப்பிள்ளை கொண்டுபோன கோல்

ஸ்கெல்பெக், யார்க்‌ஷயர்
14 செப்டம்பர் 1993

தங்கை மார்ஜரிக்கு,

அண்ணன் கிளிஃபர்ட் எழுதுவது. இங்கே நான் சுகம், இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே டனீடினில் நீயும் உன் கோழிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் வீட்டுக்காரர் டெஸ்மண்டின் சுகத்தை விசாரிக்க எனக்கு இப்போது மனமில்லை. காரணத்தை எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

எங்கள் நீராவி ரயிலின் கோலைக் காணவில்லை. உனக்கு ரயில் என்றாலே கொட்டாவி வரும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுடையது ஆறு மைல் ஒற்றைத் தடம். அதற்கு ஒரே ஒரு கோல். முழ நீளம், நடுவில் எங்கள் ஊர்ப் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. சிக்னல் கேபினிலிருந்து நான் அதை டிரைவர் கையில் கொடுத்தால்தான் ரயில் நகரும். கோல் கையில் இருந்தால் எதிரே வேறு வண்டி வராது என்று அர்த்தம். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்று பதினொரு வருஷமாக, சம்பளமில்லாமல், மழையிலும் பனியிலும் நான் காத்து வந்த கோல் அது. அதை உன் வீட்டுக்காரர் பெட்டிக்குள் வைத்து நியூசிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

அபாண்டமாகப் பழி போடுகிறேன் என்று நினைக்காதே. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து மூன்று வாரம் தங்குகிற மனுஷனை எனக்குத் தெரியாதா? இந்த முறை விமானத்திலிருந்து இறங்கியவர் நேரே வீட்டுக்கு வரவில்லை. வழியில் ஏதோ பழைய எஞ்சின் போகிறதாம், நாலு மணி நேரம் ஒரு பிளாட்பாரத்தின் கோடியில் நின்றிருக்கிறார். நான் ஆட்டுக்கறி சமைத்து வைத்துக்கொண்டு காத்திருந்து, கறி ஆறி, கடைசியில் கோபமாகத் தேடிப் போனேன். போன இடத்தில் அந்த எஞ்சின் வந்துவிட்டது, நானும் நின்றுவிட்டேன், அது வேறு கதை. மறுநாள் நீ சொன்னபடி ஹில்டா சித்தியைப் பார்க்கப் போனோம். சித்தி வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம் ஓடுவது உனக்குத் தெரியும். நாக்கு இறைச்சி சாண்ட்விச் செய்து, நல்ல கோப்பைகளை எடுத்து வைத்து உட்கார்ந்திருந்தவளுக்கு இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலில் நின்றோம். "ஏம்ப்பா, என்னைப் பார்க்க வந்தீங்களா, என் ஜன்னலைப் பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டாள். அதற்கு உன் வீட்டுக்காரர், "சித்தி, ரெண்டும்தான். ஆனா நீங்க எங்கேயும் ஓடிப்போயிட மாட்டீங்கல்ல?" என்றார். தொண்ணூறு வயசுக்காரியிடம் பேசுகிற பேச்சா இது! கேக் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை.

அப்புறம் அந்தச் சண்டை. உங்கள் ஊர்த் தண்டவாளம் மூன்றரை அடி அகலம்தான், எங்களுடையது கிட்டத்தட்ட அஞ்சடி. நான் சும்மா, "மாப்ளே, உங்க ஊர்ல ரயில் ஓடுதா இல்ல குழந்தை வண்டி ஓடுதா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். "மச்சான், எங்க மலையில உங்க வண்டி ஒரு வளைவு திரும்பட்டும், நான் தொப்பியைத் தின்னுடறேன்!" என்று எழுந்து போனவர் மூன்று நாள் பேசவில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து, உப்பு வேண்டுமென்றால் நாயிடம் கேட்டார். நானும் நாயிடமே பதில் சொன்னேன்.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை அவர் கிளம்பும் நாள். காலையில் கேபினுக்கு வந்து, கோலைக் கையில் வாங்கி, தகட்டைச் சட்டைக் கையால் துடைத்து, "மச்சான், இதை விட்டுட்டுப் போக மனசே வரல" என்றார். அவர் வாயாலேயே சொன்னது! நான் வாங்கி ஆணியில் மாட்டினேன், நன்றாக நினைவிருக்கிறது. அதற்குள் லண்டன் வண்டிக்கு நேரமாகிவிட்டது. பெரிய லைன் பிளாட்பாரம் எங்களுக்கு எதிர்ப்பக்கம்தானே. பாலம் ஏறி, அவரை வண்டியில் ஏற்றி, அப்பாடா ஒழிந்தார் என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தேன். ஆணி காலி. பந்து விளையாட்டுக் கிளப்பைச் சேர்ந்த அறுபது பேர் பதினொன்று இருபது வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். டிரைவர் நார்மன் கையை நீட்டிக்கொண்டு, "கோலைக் குடுய்யா கிளிஃப், நீராவி வீணாகுது!" என்று கத்துகிறான். நான் என்னத்தைக் கொடுப்பேன்?

போன் போட்டுக் கேட்டால், "சத்தியமா எங்கிட்ட இல்ல மச்சான்" என்கிறார். எட்டு நாளாக என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது. கோல் இல்லாவிட்டால் ஒரு ஆளே கோலாக இருக்கலாம் என்று எங்கள் விதியில் உண்டு. பக்கத்து வீட்டு கீத் கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு மனிதக் கோலாக ஏறி இறங்குகிறான். தலைக்கனம் தாங்கவில்லை. நான் டீக்கடையில் பன்னுக்கு வெண்ணெய் தடவுகிறேன். கமிட்டித் தலைவி பெரில் அம்மா நேற்று கூப்பிட்டு, "சனிக்கிழமைக்குள்ள கோல் வரணும் கிளிஃபர்ட். இல்லேன்னா கேபின் சாவியை மேஜையில வெச்சிட்டுப் போயிடுங்க" என்றாள். மார்ஜரி, உன் அண்ணி எட்வினாவும் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு அந்தக் கேபினை விட்டால் காலையில் எழுந்திருக்க வேறு காரணம் கிடையாது. ஆகவே உன் வீட்டுக்காரர் தூங்கும்போது பெட்டியைக் குடைந்து கோலை எடுத்து அனுப்பு. அவரை இனி இந்தப் பக்கம் அனுப்பாதே.

உனக்கும் கோழிகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு, மனம் நொந்த அண்ணன்,
கிளிஃபர்ட் அவுத்வெயிட்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் லண்டனிலிருந்து போன் வந்துவிட்டது. பெட்டியைக் குடையாதே. கோல் அங்கே தொலைந்த பொருள் அறையில் இருக்கிறதாம். அன்றைக்கு வண்டி ஓட்டின டிரைவரே பேசினார். "பெரியவரே, நீங்க கேபின் தொப்பியோட பிளாட்பாரத்துல அழுதுகிட்டு நின்னீங்க. என் ஜன்னல்கிட்ட வந்து, கோலை நீட்டி, 'எங்க மாப்பிள்ளையைப் பத்திரமா கொண்டுபோய்ச் சேர்த்துடுப்பா'ன்னீங்க. நானும் சின்ன வயசுல ஒத்தைத் தடத்துல ஓட்டினவன், நீட்டினா வாங்கற கை. லண்டன்ல இறங்கும்போதுதான் கையில என்ன இருக்குன்னே பார்த்தேன்" என்றார். அழுதது உண்மையல்ல, அன்று காற்று அதிகம். பெரில் அம்மாவுக்கும் விஷயம் எட்டிவிட்டது. சாவி என்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். ஒரே நிபந்தனை, டெஸ்மண்ட் ஊருக்குத் திரும்பும் நாளில் மட்டும் நான் கோலைத் தொடக் கூடாதாம். எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். அதனால் இரண்டு வருஷம் காத்திருக்காமல் வருகிற மே மாதமே அவர் இங்கே வந்தால், கிளம்பும் தேதியை முன்கூட்டியே எழுது, கமிட்டிக்குத் தெரிய வேண்டும்.