புல்தரைக்கு மஞ்சள் தெளித்த கதை

சனிக்கிழமை காலை ஆறு இருபதுக்குப் பனிமூட்டம் விலகியது. விலகாமலே இருந்திருக்கலாம். மற்ற நாளெல்லாம் ஒன்பது மணி வரைக்கும் ஏற்காட்டை விட்டு நகராத மூட்டம், அன்றைக்குப் பார்த்து முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கிளம்பிப் போய்விட்டது. போனதும் பள்ளிக்கூடத்தின் புல்தரை தெரிந்தது.

நீலமாக இருந்தது.

சுண்ணாம்பில் நீலம் கலந்து வீட்டுச் சுவருக்கு அடிப்பார்களே, அந்த நீலம். அரை ஏக்கர். அதை அடித்தவன் நான். அதுவும் யாரும் கேட்காமல், நானாகப் போய், கெஞ்சி அனுமதி வாங்கி அடித்தேன்.

இது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பதுகளின் நடுவில் நடந்தது. இப்போது என் தலையில் பாதி நரைத்துவிட்டது. அன்றைக்கே முழுக்க நரைத்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

எனக்கு வெள்ளக்கடைப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம். பி.எஸ்ஸி. தாவரவியல் வேறு. (தேறினேன். எப்படி என்று கேட்காதீர்கள்.) மகள் தேன்மொழிக்கு ஐந்து வயது. மலையில் நல்ல பெயர் வாங்கிய ஒரு கன்னியர் பள்ளியில் அவளைச் சேர்க்க வேண்டும் என்பது, அவள் பிறந்து மூன்றாம் நாள் நான் எடுத்த முடிவு. விண்ணப்பம் கொடுக்கப் போனால் தலைமைச் சிஸ்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "எல்லா இடமும் நிரம்பிடுச்சே. ஒரே ஒரு இடம் சந்தேகத்துல இருக்கு. அதுக்கும் பதினேழு பேர் கேட்டிருக்காங்க" என்றார்.

பதினேழு பேர்! பதினேழு பேரையும் எப்படி முந்துவது என்று ஜன்னல் வழியே பார்த்தபோதுதான் அந்தப் புல்தரை கண்ணில் பட்டது. அங்கங்கே தட்டு அகலத்துக்கு வட்ட வட்டமாக மஞ்சள் பூத்துக் கிடந்தது.

"சிஸ்டர், உங்க புல்லுக்குப் பூஞ்சாண நோய் வந்திருக்கு" என்றேன், டாக்டர் குரலில்.

"அப்படியா? சனிக்கிழமை ஆண்டு விழாவாச்சே. குழந்தைங்க அதுலதான் ஆடப் போறாங்க."

"நான் பார்த்துக்கறேன். நான் பி.எஸ்ஸி. பாட்டனி."

சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புல் சரியாகட்டும். அப்புறம் உங்க பொண்ணு விஷயம் பேசலாம்" என்றார். போதாதா? மலைப்பாதையில் ஸ்கூட்டர் என்னை ஓட்டிக்கொண்டு போனது.

காப்பிச் செடி வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்த பூஞ்சாண மருந்து ஒன்றே ஒன்றுதான். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கலந்து அடிக்கிற போர்டோ மருந்து. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் எங்கள் மலையில் அதை அடிப்போம். தோட்டம் முழுக்க நீலப் பவுடர் பூசிக்கொண்டு நிற்கும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். அதுதான் வினை. மருந்துக்கு ஒரு நிறம் உண்டு என்பதே எங்கள் கண்ணுக்கு உறைக்காமல் போய்விட்டது. போதாததற்கு, நோய் முற்றியிருக்கிறது என்று சுண்ணாம்பை நாலு கை கூடவே போட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொழுது மங்கும் நேரத்தில், வாளியின் அடியில் தங்கிய மண்டியைக்கூட வீணாக்காமல் தரையின் நடுவில் ஊற்றிவிட்டு, மனநிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

காலையில் பலனைப் பார்க்க ஆசையாக வந்தவனுக்குப் பலன் தெரிந்தது.

பக்கத்தில் பள்ளிக்கூடத் தோட்டக்காரர் மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க தம்பி, வானம் கீழ வந்துட்டாப்பல இருக்குதுங்க."

"நோய்க்கு மருந்துங்க."

"எந்த நோய்க்குங்க?"

"அதாங்க, அந்த மஞ்சள் வட்டம்."

மாரப்பன் குனிந்து புல்லைப் பார்த்தார். "அது சிஸ்டரோட நாயி ஒண்ணுக்குப் போற எடமுங்களே."

உலகம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. வட்டத்தின் ஓரம் மட்டும் கரும்பச்சையாகச் செழித்திருந்ததை நானும் பார்த்தேன்தான். நாய் மூத்திரம் பட்ட புல் அப்படித்தான் இருக்கும். நடுவில் உரம் மிஞ்சிக் கருகும், ஓரத்தில் அளவாகக் கிடைத்துக் கொழுக்கும். நாலு வாளித் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

"ஏனுங்க, இத நேத்தே சொல்லியிருக்கலாமல்ல?"

"நீங்க படிச்சவிய. நாயி மூத்தரத்துக்குள்ள இன்னும் என்னமோ கண்டுபுடிச்சிருக்கீங்கன்னு நெனச்சனுங்க."

சிஸ்டர் சேலத்துக்குப் போயிருந்தார், சிறப்பு விருந்தினரான ஒரு டாக்டரம்மாவைக் காரில் கூட்டிவர. பத்தரைக்கு வந்துவிடுவார். நாலு மணி நேரம் இருக்கிறது. முதலில் கழுவிப் பார்த்தோம். மார்ச் மாதம். தொட்டியில் விடுதிப் பெண்கள் குளிக்க மட்டும் தண்ணீர் இருந்தது. நாலாவது குடத்தில் விடுதிச் சமையல்காரம்மா கரண்டியோடு துரத்தி வந்தார். அப்புறம் கோணிச் சாக்கால் துடைத்தோம். சாக்கு நீலமானது, என் வேட்டி நீலமானது, மாரப்பனின் மீசை நீலமானது. புல் மட்டும் மாறவே இல்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது சும்மா இருந்த நாட்களில்தான் எங்கள் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கிறது.) நீலத்தோடு மஞ்சள் சேர்ந்தால் பச்சை! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்! ஸ்கூட்டரை உதைத்து ஒண்டிக்கடைக்குப் பறந்தேன்.

"மஞ்சத்தூள் அஞ்சு கிலோ குடுங்க!"

மளிகைக்காரர் என் நீல வேட்டியைப் பார்த்தார். "ஊட்ல விசேசமுங்களா?"

"புல்லுக்குங்க."

அவர் அவசரமாக நிறுத்துக் கட்டினார். பொட்டலத்தைக் கையை நீட்டி, தள்ளி நின்றே கொடுத்தார்.

மஞ்சளைக் கரைத்து அதே ஸ்பிரேயரில் ஊற்றி, தரையின் ஓரத்தில் ஆரம்பித்தேன். பச்சை! சத்தியமாகப் பச்சை! மாரப்பனே வாயைப் பிளந்தார். "பாத்தீங்களா மாரப்பன், படிப்பு!" என்று கூவினேன். அங்கேயே நிறுத்தியிருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரை இருக்காது. உற்சாகத்தில் குதித்துக்கொண்டே நடுப்பகுதிக்குப் போனேன். மண்டிச் சுண்ணாம்பு ஊற்றிய நடுப்பகுதிக்கு.

சிவந்தது.

இன்னும் கொஞ்சம் அடித்தால் பச்சையாகிவிடும் என்று அடித்தேன். இன்னும் சிவந்தது. வேகமாக அடித்தேன். வேகமாகச் சிவந்தது. ஒன்பதரைக்கு என் மனைவி சரோஜா, பட்டுப் பாவாடை கட்டிய தேன்மொழியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். சிஸ்டர் கண்ணில் குழந்தை பட்டால் நல்லது என்று வரச் சொன்னதும் நான்தான்.

"ஏனுங்க, ஆரத்தித் தட்டக் கொண்டாந்து புல்லுமேல கவுத்துட்டீங்களா?"

"நடுவுல ஏதோ வேதியியல் மாற்றம் சரோஜா…"

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தாச் செவக்காம என்ன பண்ணும்? நம்ம கண்ணாலத்துல மூணு வாட்டி ஆரத்தி சுத்துனாங்களே, அப்ப எங்க பாத்துட்டு இருந்தீங்க?"

(அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல அது நேரமில்லை.)

கல்லூரியில் இதையே சோதனைக் குழாயில் செய்து மார்க் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்த நினைவு எந்த மலையில் மேய்ந்துகொண்டிருந்ததோ!

சித்திரை கழிந்து மழை விழுந்ததும் அந்தப் புல் தன் நிறத்துக்குத் திரும்பிவிட்டது. நான்தான் இன்னும் திரும்பவில்லை. எங்கள் வீட்டு விசேஷங்களில் ஆரத்தித் தட்டு வெளியே வரும்போதெல்லாம் யாராவது, "மாமாவக் கொஞ்சம் புடிச்சுக்கங்க, பக்கத்துல புல்லு இருக்குது" என்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள், தேன்மொழி சத்தமாகச் சிரிப்பாள். இப்போது அவளுடைய கல்லூரி விண்ணப்பங்கள் மேசையில் கிடக்கின்றன. எனக்குத் தூக்கம் போய் ஒரு வாரம் ஆகிறது. எந்தக் கல்லூரி வாசலிலும் செடி கொடி பக்கம் நான் திரும்பக் கூடாது என்று சரோஜா சத்தியம் வாங்கிவிட்டாள்.

அன்றைக்குப் பத்தரைக்குக் கார் வந்தது. ஓடலாமா என்று பார்த்தேன். ஸ்கூட்டர் சாவியைச் சரோஜா வாங்கி இடுப்பில் செருகியிருந்தாள். முதலில் டாக்டரம்மா இறங்கினார். ஓரம் பச்சை, அடுத்து நீலம், நடுவில் செக்கச் சிவந்த பெரிய வட்டம். அதைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடேயப்பா! எனக்கா இத்தாம் பெரிய ஆரத்தி!" என்று பூரித்து, சாயம் ஒட்டிவிடாமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு சிஸ்டர் இறங்கினார். புல்லைப் பார்த்தார். ஸ்பிரேயரைப் பார்த்தார். மாரப்பனின் மீசையைப் பார்த்தார். மஞ்சளில் ஆரம்பித்து நீலத்தில் முடிகிற என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நான் கை கூப்பினேன். கையும் சிவப்பாக இருந்தது.

"தாவரவியல்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமாங்க சிஸ்டர்."

அவர் குனிந்து தேன்மொழியின் கன்னத்தைத் தட்டினார். பிறகு பெருமூச்சு விட்டு என்னிடம் சொன்னார்:

"திங்கட்கிழமை பொண்ணைக் கூட்டிட்டு வந்து சேர்த்துடுங்க. உங்க வீட்ல ஒருத்தராவது படிச்சாகணும்."