முக்கால் சிஸ்டரின் முழங்கால்

மாணவி ஃபெயிலானதற்கு டீச்சர் முட்டி போட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் நீங்கள் என் கிளாஸ்மேட். வாருங்கள், சேர்ந்தே வெட்கப்படலாம்.

கல்கத்தாவிலேயே பிள்ளைகளை அதிகம் பயமுறுத்திய டீச்சர் அவர்தான். பிரம்பு கிடையாது, கிள்ளு கிடையாது, காதைத் திருகுவது கிடையாது. பாலிகஞ்சில் கன்னியாஸ்திரிகள் நடத்திய எங்கள் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். பெங்காலிப் பெண்கள் வைத்த பெயர் 'பௌனே சிஸ்டர்'. அதாவது முக்கால் சிஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மடத்தில் சேர்ந்து, இவ்வளவு தூரம் வந்து, கன்னியாஸ்திரியாகக் கடைசி வார்த்தைப்பாடு கொடுக்க ஆறே மாதம் இருக்கும்போது வெளியே வந்துவிட்டவர். ஜெப நேரத்தில் ஜெபப் புத்தகத்துக்குள் டெஸ்ட் பேப்பரை வைத்துத் திருத்தியதை மதர் பிடித்துவிட்டாராம்.

"உனக்கு ஜெபம் பெருசா, கணக்கு பெருசா?"

"ஜெபத்த சாயங்காலம் பண்ணிக்கிடலாம் மதர். பேப்பர இப்பவே குடுக்கணும்லா?"

இது பரம்பரையாக ஜூனியர்களுக்குச் சொல்லப்பட்ட கதை. நான் கொஞ்சம் மசாலா சேர்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மடத்தை விட்டு வெளியே வந்தாரே தவிர, மடம் அவரை விட்டுப் போகவில்லை. அதே வெள்ளைப் புடவை, அதே கறுப்புக் குடை. டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் மாடியில் ஒற்றை ரூம். டியூஷன் எடுக்க மாட்டார். இந்த ஊரில் டியூஷன் எடுக்காத கணக்கு டீச்சர் என்றால் ஏதோ வியாதி என்றுதான் நினைப்பார்கள்.

வியாதி இருந்தது. டெஸ்ட் பேப்பர் கொடுக்கும் நாளில் அது வெளியே வரும். ஃபெயிலான ஒரு தலைக்கு ஒரு நிமிஷம். வகுப்பு வாசலில், வராந்தாவில், மாதா சிலையைப் பார்த்து அவர் முட்டி போடுவார். பதினோரு பேர் ஃபெயில் என்றால் பதினோரு நிமிஷம். நாங்கள் பெஞ்சில் சொகுசாக உட்கார்ந்திருப்போம். நேரத்தை வீணாக்கக் கூடாது என்று முட்டி போட்டபடியே அடுத்த வகுப்பு நோட்டைத் தரையில் வைத்துத் திருத்துவார். கேட் வாட்ச்மேன் தர்வான் ஓடி வந்து, "தீதிமோணி, உடுன், உடுன்!" என்று எழுந்திருக்கச் சொல்லிக் கெஞ்சுவார். எழுந்திருக்க மாட்டார். கடைசியில் அந்த மனுஷர் ஒரு சாக்கை மடித்து முட்டிக்குக் கீழே தள்ளிவிட்டுப் போவார்.

நாங்கள் என்ன செய்தோம்? உருகிப் படித்தோம் என்று நினைத்தால் உங்களுக்குப் பெண்கள் பள்ளியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்றைக்கு எத்தனை நிமிஷம் என்று பந்தயம் கட்டினோம். ஜெயித்தவளுக்குப் புச்கா, கல்கத்தாவின் பானிபூரி.

அந்த நிமிஷங்களில் ஒன்று எப்போதும் என்னுடையது. வகுப்பில் ஒரே தமிழ்ப் பெண் நான். மற்ற பெண்களிடம் இங்கிலீஷ் பேசுபவர், என்னிடம் மட்டும் தனியாகத் தமிழில் வருவார்.

"ஏட்டி, நூத்துக்கு நாலு வாங்குதியே, ஒனக்கு வீட்டுல சோறு போடுதாங்களா?"

"படிச்சேன் மிஸ். ஷொத்தி மிஸ்!" சத்தியம் பெங்காலியில் வந்துவிட்டது.

"பொய்யயாவது தமிழ்ல சொல்லுட்டி."

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசர். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டீச்சர் மண்டி போடறதாவது! லட்சணமா நாலு அடி போட்டுட்டுப் போனா என்னவாம்? கொழந்தைகளை மனசால சித்ரவதை பண்றா!"

மற்ற அப்பா அம்மாக்களும் இதே பாட்டு. பிரின்சிபல் சிஸ்டருக்கு ஒரு புகார்க் கடிதம் தயாரானது. அப்பாவின் கையெழுத்து ரயில்வேக்காரர்களுக்கு மட்டும் புரியும். அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன், அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். 'இந்த ஆசிரியையை நீக்க வேண்டுகிறோம்' என்ற வரிக்கு ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டது என் சொந்தச் சரக்கு. பிரின்சிபல் அதை வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டார். வேறொன்றும் நடக்கவில்லை.

வருஷக் கடைசி வந்தது. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு போர்டு ரிசல்ட் எப்போதும் நூற்றுக்கு நூறு. அதன் ரகசியம் ரொம்ப சிம்பிள். தேறாத கேஸ்களை ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். யார் யார் என்று கணக்கு டீச்சர் லிஸ்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். முக்கால் சிஸ்டர் வெள்ளைத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரின்சிபல் தானே மார்க்கைப் பார்த்து மூன்று பெயர் எழுதினார். மூன்றாவது நான்.

அப்பாவும் நானும் டி.சி. வாங்கப் போனபோது, பிரின்சிபல் ரூம் வாசலில் வெள்ளைப் புடவை முட்டி போட்டிருந்தது. சாக்கு இல்லை. தர்வானைக் கிட்டேயே வரவிடவில்லை. முதல் பீரியடிலிருந்து அங்கேதானாம். நாங்கள் போனது மூன்றாவது பீரியடில்.

பிரின்சிபல் வெளியே வந்தார். "மிஸ், எழுந்திரிங்க. பேரன்ட்ஸ் பாக்கறாங்க. இது ஸ்கூல், தியேட்டர் இல்ல."

"பாக்கட்டும் சிஸ்டர். மூணு பேருக்கும் டி.சி. இல்லன்னு சொல்லுங்க, எந்திரிக்கேன்."

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. "எழுந்திருங்கோம்மா, ப்ளீஸ். அவ படிக்கலை, அதுக்கு நீங்க என்ன பண்ணுவேள்?"

"ஒங்க பொண்ணு ஃபெயில் இல்ல சார். ஒரு வருஷமா சொல்லிக் குடுத்தும் ஏறலைன்னா, நாந்தான் ஃபெயில்."

இன்டர்வெல் மணி அடித்தது. அறுநூறு பெண்கள் வராந்தாவில் வந்து நின்றார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. பிரின்சிபல் கூட்டத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். மூன்று டி.சி.யையும் எங்கள் கண் முன்னாலேயே கிழித்தார்.

பிறகு முக்கால் சிஸ்டரையும் எங்களையும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, டிராயரைத் திறந்தார்.

"மிஸ், இது பேரன்ட்ஸ் குடுத்தது. இதுக்கு மேல உங்கள வச்சிருக்க முடியாது." அப்பாவிடம் திரும்பினார். "முதல் கையெழுத்து உங்களுதுதானே, சார்?"

அப்பா சீலிங் ஃபேனைப் பார்த்தார். மூன்று இறக்கைதான் அதற்கு, ஆனால் ரொம்ப நேரம் பார்த்தார்.

முக்கால் சிஸ்டர் கடிதத்தைக் கையில் வாங்கினார். ஒரு வருஷமாக என் பேப்பரைத் திருத்தியவர் அவர். அந்தக் கோணல் 'ஜி'யை, அந்த நீட்டு 'ஒய்'யை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. முழுக்கப் படித்தார். அடிக்கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏட்டி, கையெழுத்து நல்லா திருந்திருக்கே! கோடு கூட நேரா இருக்கு. இதே மாதிரி ஜியாமெட்ரி போட்டிருந்தா, பாஸ் ஆயிருப்பல்லா?"

நான் மன்னிப்புக் கேட்டேன், அழுதேன், காலில் விழுந்தேன் என்று எழுதலாம். எழுதினால் பொய். டி.சி. இல்லை என்ற சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அடுத்த ஆசிரியர் தினத்தில் பிரின்சிபல் பேசினார். "டீச்சிங் ஒரு வேலை அல்ல. அது கடவுள் கொடுக்கும் அழைப்பு." எல்லோரும் கைதட்டினோம். அந்த மேடையில் இருந்தவர்களில் யாரைக் கடவுள் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்ட ஒருவரை நாங்கள் கடிதம் போட்டு அனுப்பியிருந்தோம்.

போர்டில் கணக்கில் அறுபத்தொன்று வாங்கினேன். மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு டாக்குரியா போனேன். மாடி ரூம் காலி. ஊருக்குப் போய்விட்டார் என்றார் கீழ்வீட்டு மாஷிமா. எந்த ஊர்? தெரியாது.

அந்த ரூமை இப்போது சைபர் கபே ஆக்கிவிட்டார்கள். கார்டன் ரீச்சில் எங்கள் தெருவிலேயே மூன்று கபே இருக்கின்றன. இருந்தும் இரண்டு பஸ் மாறி இந்த மாடிக்கு வந்து, ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் இதை டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.