மதுவந்தியின் தீர்த்த யாத்திரை

கடலாமைகளைக் காப்பாற்றுவதற்குக் கடல் அவசியமே இல்லை என்று உலகுக்கு முதன்முதலில் எடுத்துக்காட்டிய பெருமை, தேனாம்பேட்டை ஆழிநேசம் அறக்கட்டளையையே சேரும். மூன்றாவது மாடியில் ஏசி அறை. சுவரை அடைத்து ஒரு திரை. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளிதான் ஆமை. அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்குப் பெயர் 'பாதுகாப்பு'.

பார்க்கும் பொறுப்பு சாய்மாவுடையது. தை மாதத்தில், பெசன்ட் நகர் மணலில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிய பங்குனி ஆமை என்னும் இனத்துக் கடலாமை ஒன்றின் முதுகில், இருக்கும் இடத்தைத் திரைக்குச் சொல்லும் சிக்னல் கருவியை ஒட்டியவளும் அவள்தான். பசை காயும்வரை ஆமையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உடம்பிலிருக்கும் உப்பை அது அப்படித்தான் வெளியேற்றும் என்று படித்திருந்தும், சாய்மாவும் கூடவே கொஞ்சம் அழுதாள். அறிவியல் அணுகுமுறைக்கு இது முரண் என்பதால் ஆண்டறிக்கையில் இடம்பெறவில்லை.

கருவியை வாங்கித் தந்த வள்ளல் ஸ்ரீவத்சன். ஏகாதசியன்று அவர் வீட்டுக்குள் வெங்காயம்கூட நுழையாது. தொழில், இறால் ஏற்றுமதி. அவருடைய விசைப்படகுகளின் வலையில் இறாலோடு ஆமைகளும் மாட்டும். மேலே வந்து மூச்சு விட வழியில்லாமல் சாகும். வலையில் ஆமை வெளியேற ஒரு கதவு வைத்தால் போதும், பிழைத்துக்கொள்ளும். அந்தக் கதவை அவரிடம் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் சாய்மாவின் ஒரே ஆசை.

"அவர்ட்ட போய்க் கதவைக் கேக்கறதாவது!" என்று பதறினார் இயக்குநர் அனந்தராமன். "அது வழியா இறாலும் கொஞ்சம் போயிடுமேம்மா. பாவம், மனுஷர் நொந்துபோயிடுவார்."

மனுஷர் நோகாமல் இருக்க, ஆமைக்கு அவருடைய மகளின் பெயரையே சூட்டினார்கள். மதுவந்தி.

மாசியில் ஆண்டு விழா. மயிலாப்பூரில் ஒரு சபா. சிறப்பு நிகழ்ச்சி, 'மதுவந்தி நேரலை'. மேடையில் திரையைக் கட்டிவிட்டு, சாய்மா இயக்குநரை ஓரமாக அழைத்தாள். புள்ளி காலையிலிருந்து காசிமேட்டுத் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது.

"சார், கருவி தண்ணிக்குள்ள இருந்தா சிக்னல் வராது. ஆமை மூச்சு விட மேல வர்றப்ப மட்டும்தான் வரும். இன்னிக்குக் காலையிலேருந்து நிக்காம வருது."

"உற்சாகமா இருக்கா போலிருக்கு."

"தண்ணிலயே இல்ல சார். எனக்கென்னவோ அது செத்து..."

"சிவசிவா!" அனந்தராமன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். "மதுவந்திக்கு வைகாசில கல்யாணம். வெள்ளிக்கிழமையும் அதுவுமா சொல்ற வார்த்தையா இது?"

இவ்வாறாக, நன்கொடையாளர் மகளின் பெயர் கொண்ட ஆமைக்குச் சாவில்லை என்ற மாபெரும் உண்மை கண்டறியப்பட்டது.

விழா தொடங்கியதும் புள்ளி நகர்ந்தது. ராயபுரம் தாண்டி, கடற்கரைச் சாலை பிடித்து, சாந்தோம் வந்தது.

"கரையேறிட்டா!" என்று மைக்கில் கூவினார் அனந்தராமன்.

கச்சேரி ரோட்டில் புள்ளி வெகு நேரம் அசையவில்லை. "பஸ் குறுக்க நிக்கறதோ என்னமோ" என்று இரண்டாவது வரிசையில் ஒருவர் அனுதாபப்பட்டார். பிறகு புள்ளி மாட வீதிப் பக்கம் திரும்பியது. அனந்தராமனுக்குப் புல்லரித்துவிட்டது.

"தெப்பக்குளத்துல தீர்த்தமாட வந்துண்டிருக்கா!"

சபை எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. புள்ளியோ குளத்தையும் கடந்து, சபாவின் வாசலுக்கே வந்துவிட்டது. கதவு திறந்தது. ஸ்ரீவத்சன் உள்ளே வந்தார். கரகோஷம் தனக்குத்தான் என்று நினைத்துக் கும்பிட்டார். பின்னாலேயே அவருடைய டிரைவர் அக்பர் பாஷா ஒரு பிளாஸ்டிக் பையோடு மேடையேறினார்.

"நம்ம போட்டு வலைல மாட்டிக்கினு இருந்துச்சு சார்" என்று பையிலிருந்து கருவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஆம எப்பவோ பூட்ச்சு. இது மட்டும் ஒயர நீட்டிக்கினு கீது. பசங்க கழட்டிக் குட்தாங்கோ."

"உங்க சாமானைப் பத்திரமா சேர்க்கணுமோல்லியோ!" என்றார் ஸ்ரீவத்சன் அடக்கமாக.

கருவியின் அடியில் ஓட்டுத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பசை அப்படியே இருந்தது. சாய்மா பூசிய பசை. அவள் அனந்தராமனிடமிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"சார், உங்க வலைங்கள்ல ஆமை தப்பிக்க ஒரு கதவு வைங்க சார். அது போதும்."

"கதவு எதுக்கும்மா?" ஸ்ரீவத்சன் பெருந்தன்மையோடு சிரித்தார். "ஒண்ணு போனா என்ன? இன்னும் பத்துக் கருவி வாங்கித் தரேன்."

கூரை அதிரக் கைதட்டல். மைக் அனந்தராமனிடம் திரும்பியது. இனி அறக்கட்டளை கணக்கெடுக்கும் ஒவ்வோர் ஆமைக்கும் நன்கொடையாளர் குடும்பத்துப் பெயர் சூட்டப்படும், அதன் பிறகு ஒரு குறையும் வராது என்று தீர்மானம் நிறைவேறியது. எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். சாய்மா சாப்பிடவில்லை.

மறுநாள் விடிகாலை பெசன்ட் நகர் கரை நெடுக ஆமைகள் ஒதுங்கிக் கிடந்தன. ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடாமல் இருக்க, எண்ணியதன் ஓட்டில் பெயின்ட்டால் ஓர் அடையாளம் போடுவது வழக்கம். சாய்மா டப்பாவும் பிரஷ்ஷுமாகக் குனிந்திருந்தபோது போன் அடித்தது.

"என்னம்மா அநியாயம்!" அனந்தராமனுக்கு மூச்சு வாங்கியது. "வாக்கிங் போறவாள்ளாம் போட்டோ அனுப்பறா! ஸ்ரீவத்சன் செத்து நாறிண்டு கிடக்கார்னு! முதுகுல கொட்டையா பேர் எழுதியிருக்காமே!"

"நேத்து தீர்மானம் போட்டீங்களே சார். கணக்கெடுக்குற எல்லா ஆமைக்கும் நன்கொடையாளர் குடும்பத்துப் பேருன்னு."

"அது உயிரோட இருக்கற ஆமைக்கும்மா!"

"உயிரோட ஒண்ணும் கிடைக்கல சார்."

மறுமுனையில் குரல் இறங்கி வந்தது. "சரி, இருக்கறதை அழிச்சுட்டு, இத்தோட நிறுத்திக்கோ."

"அவர் குடும்பத்துப் பேரெல்லாம் தீர்ந்துபோச்சு சார். ஆமை இன்னும் கிடக்குது. அதனால நம்ம அறக்கட்டளைக் கமிட்டிப் பேருக்கு வந்துட்டேன்" என்றாள் சாய்மா, பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்தபடி. "கொஞ்சம் லைன்லயே இருங்க. 'அனந்த' வரைக்கும் எழுதியாச்சு, 'ராமன்' மட்டும்தான் பாக்கி."