மூணு கலர் கன்டெய்னர்

"கறுப்பு இன்னும் காயல, சாயாதீங்க!" என்று மனைவி உல்ஜான் கீழிருந்து கத்துவதற்குள் ஏணியில் நின்ற மெதெர்பெக் சாய்ந்துவிட்டார். சட்டை முதுகு முழுக்கப் பெயிண்ட்.

"இருக்கட்டும். இனிமே நானும் விளம்பரம்தான்."

தோர்தோய் சந்தையில் கடை என்றால் கன்டெய்னர். கீழ்ப்பெட்டியில் வியாபாரம், மேல்பெட்டியில் சரக்கு, வரிசை முழுக்கச் சாம்பல் நிறம். மெதெர்பெக்கின் கவுன்களில் பாதியை வாங்கும் அல்மாத்தி நகரத்து ரவுஷான் அக்கா, போன சீசனில் போனில்தான் வந்தார். "தம்பி, எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கா, வழி தவறிட்டேன். தோக்தோசுன்கிட்டயே வாங்கிட்டேன், தப்பா நினைக்காதே."

இந்த முறையும் அவர் தவறினால், பெட்டியைப் பக்கத்துக் கடை தோக்தோசுனுக்கே விற்க வேண்டியதுதான். அவன் ஏற்கெனவே டேப் பிடித்து அளந்துவிட்டுப் போயிருந்தான்.

அதனால்தான் மேலே கறுப்பு, நடுவில் சிவப்பு, கீழே மஞ்சள். பைகளும் அப்படியே. பார்த்தவன் சாகும்வரை மறக்கக் கூடாது.

மறுநாள் கடை திறக்குமுன்பே நீண்ட வரிசை. மெதெர்பெக் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார்.

முதலில் நின்ற பெரியவர் கேட்டார். "ஜெர்மனி விசா எப்ப குடுக்க ஆரம்பிப்பீங்க?"

"இது துணிக்கடைங்க."

"அப்ப எதுக்கய்யா ஜெர்மன் கொடி?"

வரிசை கலையவில்லை. துணிக்கடை என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்க்கிறான், விடாதே என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

"பேசாம சாம்பலே அடிச்சுடுங்களேன்," என்றாள் உல்ஜான்.

"மூணு கலரை விட்டு இறங்க மாட்டேன். கறுப்பு இருந்த இடத்துல நீலம்!"

நீலம் ஏறியதும் விசா கூட்டம் கலைந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தைக் கடைவரிசை முழுக்கப் பார்த்திருந்தது. எல்லாம் கலர் இழுத்த கூட்டம் என்று தோக்தோசுன் கடைகடையாகச் சொன்னான். வாரக் கடைசிக்குள் எல்லாப் பெட்டியும் நீலம், சிவப்பு, மஞ்சள்.

"என் கலரைத் திருடிட்டியேடா!"

"சிவப்பு என்ன உங்க அப்பா சொத்தா அண்ணே? வேணும்னா மஞ்சளைச் சுரண்டித் திருப்பித் தந்துடறேன்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. "தம்பி, சந்தைக்கு வந்துட்டேன்."

"வாங்கக்கா! நீலம், சிவப்பு, மஞ்சள் பெட்டி!"

"எல்லாமே அப்படித்தானேப்பா இருக்கு? இந்தத் தடவையும் வழி தவறிடுவேன் போலிருக்கே."

"அங்கயே நில்லுங்கக்கா! நகராதீங்க!"

மெதெர்பெக் சரக்கிலிருந்து ஆரஞ்சு கவுன் ஒன்றை உருவித் தலை வழியாக மாட்டினார். இடுப்பில் பச்சைத் துணி, தலையில் ஊதா. மேல்பெட்டியின் கூரையில் ஏறி, கொளுத்தும் வெயிலில் இரண்டு கைகளையும் ஆட்டிக் குதித்தார். வண்டி தள்ளுகிறவர்கள் நின்று விசிலடித்தார்கள்.

"மானம் போகுது, இறங்குங்க!" என்று உல்ஜான் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மானம் போனா மெதுவா தேடிக்கலாம். அக்கா போனா கடையே போச்சு!"

தூரத்தில் ரவுஷான் அக்கா நிமிர்ந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கையைக்கூட அசைத்தார். பிறகு தோக்தோசுன் கடைக்குள் நுழைந்துவிட்டார்.

வியர்வை வழிய மெதெர்பெக் இறங்கி வந்தார். கொஞ்ச நேரத்தில், தோக்தோசுன் கடை மூட்டையைச் சுமந்துகொண்டு அக்காவின் டிரைவர் அந்தப் பக்கம் வந்தான்.

"என்னப்பா இது? நான் நின்னதை அக்கா பார்த்தாங்கதானே?"

டிரைவர் மூட்டையை இறக்கி வைத்தான். தன் கைக்குட்டையால் மெதெர்பெக்கின் கழுத்தை அழுத்தித் துடைத்து, ஆரஞ்சாகிப்போன அதை அவர் கண் முன்னால் விரித்துக் காட்டினான்.

"கண்ணைக் கட்டி விட்டாலும் அக்கா உங்க கடைக்கு நேரா வந்து நிப்பாங்கண்ணே, துணி சாயம் போகுதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூச்சப்பட்டுத்தான், வழி தவறிட்டேன்னாங்க!"