மான் மாப்பிள்ளை தனிக்குடித்தனம் போனது

பினாங்கு முழுக்கத் தேடினாலும், பிள்ளை வரத்துக்கு வழி தேடி மான் பட்டிக்குள் நுழைந்த ஒரே மனிதர் எங்கள் மான் மாப்பிள்ளைதான்.

நான் தினம் பால் ஊற்றிய சீன முதலாளி, அதாவது தவுக்கேயின் பங்களாவில் மான்களுக்குத் தீனி போடுவது அவர் வேலை. குடியிருப்பு மாமனார் வீட்டில். மாமனார் அதே பங்களாவின் தலைமைத் தோட்டக்காரர். மீசையாலேயே வேலை வாங்குவார். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இவருக்குச் சோறு. தப்பித்தவறி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், "ஏன் மாப்பிள்ளே, தரை சுடுதோ?" என்பார். இவரும் தொட்டுப் பார்த்து, "இல்லீங்க மாமா" என்று இறங்கிவிடுவார். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தையில்லை. மாமியார் முறைப்பது இவரைத்தான்.

பட்டியிலும் இதே கதை. பெரிய ஆண்மான் தின்ற மிச்சம்தான் சின்ன ஆண்மானுக்கு. பெண்மான் பக்கம் தலையைத் திருப்பினாலே முட்டு. பாவம், சின்னதுக்குக் கொம்பும் சரியாக வளரவில்லை, குரலும் எழும்பவில்லை. ஒரு நாள் தவுக்கே பெரியதைத் தன் மலை பங்களாவுக்குக் கொண்டுபோனார். அடுத்த மழைக்குள் சின்னதுக்குக் கழுத்து தடித்தது, கொம்பு கிளைத்தது. வேறு என்னென்ன பருத்தது என்பதைக் குடும்பஸ்தனான நான் எழுதுவதற்கில்லை. பெண்மான்கள் வயிறு தள்ளி நின்றன.

மாப்பிள்ளை ஓடிவந்து என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எனக்கு ஒரு கொறையும் இல்ல லா! பட்டிதான் சரியில்ல!"

"அது மிருகம்யா. நீ தண்ணீர்மலை முருகன்கிட்ட போய்க் கேளு."

"அந்த முருகனே அப்பா வீட்ட விட்டுத் தனியா மலைக்குப் போனவர்தானேண்ணே?"

தினம் திருநீறு பூசும் நான் சைக்கிளை விடுவித்துக்கொண்டு மிதித்துவிட்டேன்.

மறுநாளே மனைவியோடு ஆயர் ஈத்தாம் பகுதியில் ஒரு வாடகை அறைக்குக் கிளம்பினார். "கொம்பு முளைச்சிருச்சாக்கும்!" என்று மாமனார் தெரு அதிரக் கத்தினார்.

"இன்னும் இல்லீங்க மாமா. கொஞ்ச நாளாகும்" என்றார் இவர், வெகு பணிவாக.

புது வீட்டில் கழுத்து தடித்தது என்னவோ அவர் மனைவிக்குத்தான். அங்கேயும் நாற்காலியில் அந்தம்மா, தரையில் இவர். இவரோ, தன்னை அதிகாரம் செய்ய ஆளில்லாவிட்டால் சம்பளம் கொடுத்தாவது ஒருவரை வைத்துக்கொள்ளும் ஜாதி!

ஆனாலும் பெண் குழந்தை பிறந்தது. துணியில் சுற்றி என் மாட்டுக் கொட்டகைக்கே தூக்கி வந்தார். "பாத்தீங்களாண்ணே? நான் சொன்னேன்ல, பட்டிதான்னு!" கோழிக்கடைச் சீனன் வரை எல்லாரிடமும் அதே பேச்சு.

அவர் தனிக்குடித்தனம் போனதும் வந்த தைப்பூசத்தில் நான் யாருக்காகப் பால்குடம் எடுத்தேன் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. பிறந்தது முதல் குனிந்தே நடந்த மனிதர், பிள்ளையைத் தூக்கி வந்த அன்றுதான் நெஞ்சை நிமிர்த்தித் தெருவில் போனார். மான் கொடுத்ததாகவே இருக்கட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.